கட்டிக்கும் ரத்தம் வேணும்!

பக்கத்து ஸீட் நண்பரின் அப்பாவுக்குக் குடலில் புற்றுநோய். லஞ்ச்சில் டிபன் பாக்ஸைத் திறக்காமலே என்னைக் கேட்டார்: 'ஸார், கட்டிக்கு ரத்தம் போற குழாயை அடைச்சுட்டா பட்டினியிலேயே செத்துடாதா? எதுக்குக் கீமோ, கரன்ட்டெல்லாம்?'

நியாயமான கேள்வி. பாஸ்டனில் ஜூடா ஃபோக்மன் என்ற சர்ஜனும் 1971-ல் இதே வழியில்தான் யோசித்தார். ரத்தக்குழாய் கனெக்ஷன் கிடைக்காத கட்டி ஓரிரு மில்லிமீட்டரோடு நின்றுவிடும். மேலே வளர, அது ரசாயனத் தூது அனுப்பிப் புதுக் குழாய்களை வரவழைக்கிறது. தூதை மறித்தால் ஆச்சு என்றார். பலர் நம்பவில்லை. 2004-ல் 'அவாஸ்டின்' என்று மருந்தே வந்துவிட்டது. பரவிவிட்ட குடல் புற்றுநோய்க்குக் கீமோவோடு சேர்த்துக் கொடுத்ததில், நடுத்தர ஆயுள் 15.6 மாசத்திலிருந்து 20.3 மாசமாகக் கூடியது. சந்தோஷம். ஆனால் கட்டி பட்டினியால் சாகவில்லை.

இங்கேதான் சிக்கல். கீமோ மருந்து ரத்தத்தில் ஏறித்தான் கட்டிக்குப் போகணும். கரன்ட்டுக்கோ ஆக்ஸிஜன் துணை வேண்டும். ஆக்ஸிஜன் இல்லாத செல்லைக் கொல்ல ஏறக்குறைய மூணு மடங்கு டோஸ் தேவை. ரோட்டை வெட்டிப் போட்டுவிட்டு, போலீஸ் ஜீப் வரலையே என்றால் எப்படி?

அதுவும் கட்டியின் குழாய்கள் அப்ரூவல் வாங்காத லேஅவுட் மாதிரி. கோணல்மாணல், முட்டுச்சந்து, எங்கே பார்த்தாலும் ஒழுகல். ஒழுகின நீர் உள்ளே தேங்கி, வருகிற மருந்தை வெளியே தள்ளுகிறது. கான்பூர் ஐ.ஐ.டி.யில் கெமிக்கல் எஞ்ஜினீயரிங் படித்து ஹார்வர்டுக்குப் போன ராகேஷ் ஜெயின், 2001-ல் விஷயத்தைத் திருப்பிப் போட்டார். குழாயை அடைக்கிற அதே மருந்தை அளவாகக் கொடுத்தால், உருப்படாத குழாய்கள் உதிர்ந்து மிச்சம் கொஞ்ச நாளைக்கு ஒழுங்காகும். அதற்குள் கீமோவையும் கரன்ட்டையும் அனுப்பிவிடணும்.

அந்த 'கொஞ்ச நாள்' எப்போது? அளந்து பார்த்தால்தான் தெரியும். கையில் ஒரு சாயத்தை ஏற்றி, ஸி.டி. ஸ்கேனில் மளமளவென்று அடுத்தடுத்துப் படம் எடுக்கிறார்கள். கட்டியில் சாயம் எத்தனை வேகமாக ஏறி, எத்தனை வேகமாக வடிகிறது என்பதிலிருந்து ரத்த ஓட்டத்தைக் கணக்குப் போட்டுவிடலாம்.

ஆக்ஸிஜனைக் கூட்டியும் பார்த்திருக்கிறார்கள். பிரிட்டனில் மூத்திரப்பை புற்றுநோய்க்காரர்கள் 333 பேரில் ஒரு பாதிக்கு வெறும் கரன்ட். மறு பாதிக்கு அதோடு 98 சதவிகிதம் ஆக்ஸிஜன் கலந்த வாயு, வைட்டமின் பி3 வகையைச் சேர்ந்த ஒரு மாத்திரை. 2010-ல் வந்த ரிஸல்ட்: மூணு வருஷம் கழித்து உயிரோடிருந்தவர்கள் முதல் கோஷ்டியில் 46 சதவிகிதம், இரண்டாவதில் 59. வெட்டுகிற ஆட்டுக்குத் தழை போடும் வித்தை நமக்குப் புதுசில்லையே.

கடைசியாக, டீக்கடை ஓரம் ஊதித் தள்ளும் இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. சிகரெட் புகையிலுள்ள கார்பன் மோனாக்ஸைடு, ரத்தத்தில் ஆக்ஸிஜனின் ஸீட்டில் கர்ச்சீப் போட்டு உட்கார்ந்துகொள்ளும். உங்கள் வீட்டில் யாராவது கரன்ட் வைத்துக்கொள்கிறார் என்றால், பழத்தோடு போய்ப் பார்ப்பதெல்லாம் அப்புறம். முதலில் அவர் பாக்கெட்டிலிருக்கும் சிகரெட்டைப் பிடுங்குங்கள்!