இல்லமும் உள்ளமும்: உளநூலார் முதலில் கேட்பது

"பையன் இருந்த இடத்தில் இரான், எடுத்த பாடத்தை முடியான், எழுதுகோலை நாள்தோறும் தொலைத்துவிட்டு வருகிறான்" என்பது நம் இல்லங்கள் பலவற்றில் மாலைதோறும் எழும் முறையீடு. இதற்குப் பெற்றோர் இடும் பெயர் சோம்பல், குறும்பு, திமிர் என்பனவே. அண்மைக் காலமாக ஏ.டி.எச்.டி. என்னும் கவனக்குறைவு, மிகைத்துடிப்புக் கோளாற்றின் பெயரும் பரவி வருகிறது. பழைய பெயரைச் சூட்டிய அதே வேகத்தில் புதிய பெயரையும் சூட்டுகிறோம் என்பது என் கருத்து.

உளநூல் வல்லுநர் அவ்வளவு விரைவாகப் பெயரிடுவதில்லை. குறிகள் 12 வயதுக்கு முன்பே தோன்றினவா, 6 திங்களேனும் நீடித்தனவா, இல்லம், பள்ளி என இரண்டு இடங்களிலேனும் காணப்படுகின்றனவா என வினவுவார். இம்மூன்றாம் வினா, பிழைப்பை நாடி மாநிலம் கடந்து வந்த நமக்கு மிகவும் வேண்டுவது. வீட்டில் தமிழும் வகுப்பில் இந்தியும் மராத்தியும் கேட்கும் பிள்ளை, பாடம் விளங்காமையால் சாளரத்தை நோக்கியிருத்தல் இயல்பு. வீட்டில் சொன்ன வேலைகளை ஒழுங்காக முடிப்பவன் பள்ளியில் மட்டும் தடுமாறுவானாயின், இடர் மொழியில் இருக்கலாம். ஓயாத அச்சமும் கவனத்தைக் கலைக்கும். கொடியதொன்றைக் கண்ட பிள்ளையும் அமைதியின்றித் திரிவான். மூன்றுக்கும் வெளித்தோற்றம் ஏறக்குறைய ஒன்றே. உதவும் வழிகள் வேறு.

கவனக்குறைவுதான் எனத் தெளிந்தால், பயிற்சி பெரும்பாலும் பெற்றோரிடமிருந்தே தொடங்கும். ஒரே மூச்சில் நான்கு கட்டளை இடாமல் ஒன்றை இட்டு, அது முடிந்தவுடன் பாராட்டுதல் வேண்டும். வீட்டுப்பாடத்தைப் பத்துப் பத்து நிமிடங்களாகப் பகுத்து, இடையே எழுந்து நடக்க விடலாம். ஆண்டுத் தேர்வில் தேறினால் சைக்கிள் என்னும் வாக்குறுதியால் பயன் குறைவு. அப்பிள்ளைக்கு ஆண்டு முடிவு அத்துணைத் தொலைவு. மருந்தும் உண்டு. அதை எழுதுபவர் மனநல மருத்துவரே, உளநூலார் அல்லர்.

அச்ச நோய்க்கு வழி வேறு. தென்னாப்பிரிக்க மருத்துவர் ஜோசப் வோல்ப், அஞ்சுவதைப் படிப்படியாக எதிர்கொள்ளச் செய்யும் முறையை 1958இல் ஒரு நூலாக வெளியிட்டார். பின்வந்தோர் அதனை வளர்த்தனர். மும்பைக்குப் புதிதாக வந்து, நெரிசலில் ஒருமுறை மூச்சடைத்து, அதன்பின் மின்சார ரயிலில் ஏறவே மறுக்கும் பெண்மணி ஒருவரை எண்ணிப் பாருங்கள். முதல் வாரம் கூட்டமில்லா நண்பகலில் நடைமேடையில் நின்று திரும்புவார். அடுத்து ஒரு நிலையம் மட்டும் செல்வார். நெஞ்சு படபடத்தாலும் அது தணியும்வரை வண்டியிலேயே இருப்பார். "நீ தனியே போகவே வேண்டாம், நானே வருகிறேன்" என்னும் கணவரின் அன்பு மெச்சத்தக்கதே. ஆயினும் அது நோய்க்கன்றோ துணை செய்கிறது!

மூன்றாவது, எம் ரயில்வேக் குடும்பங்கள் நன்கறிந்தது. தண்டவாளத்தில் ஒருவர் நிற்பதைக் கண்டு ஓட்டுநர் பிரேக்கை முழுதும் இட்டாலும், விரைவு வண்டி பல நூறு மீட்டர் ஓடியே நிற்கும். அக்காட்சி பின்னர் இரவில் திரும்பி வரும். சிறு ஓசைக்கும் உடல் திடுக்கிடும். இத்தகைய குறிகள் ஒரு திங்களுக்கு மேல் நீடித்து வாழ்வைக் குலைத்தால், அது தனி நோயாகக் கருதப்படும்; அமெரிக்க உளமருத்துவச் சங்கம் இதனை 1980இல் தன் நோய்ப்பட்டியலில் சேர்த்தது. நிகழ்ந்ததை உடனே விவரிக்குமாறு யாரையும் வற்புறுத்தலாகாது என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் 2011ஆம் ஆண்டு வழிகாட்டி கூறுகிறது. நாமோ, தேநீர்க் கோப்பையைக் கையில் வாங்கியவுடனே, "எப்படி அடிபட்டான்?" என்று கேட்கிறோம். உணவும் உறக்கமும் கிடைக்கச் செய்து, அவராகப் பேசும்போது செவிகொடுத்தலே குடும்பத்தார் செய்யத்தக்கது. பின்னர், தேவைப்படின், பயிற்சி பெற்ற உளநூலார் அவருடைய இசைவோடு அந்நினைவைச் சிறிது சிறிதாகச் சொல்ல வைப்பார்.

சிகிச்சை உளவியலாளர் எவரையும் நாடுமுன், இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் பதிவு பெற்றவரா எனக் கேட்டறிக. 2022 அக்டோபரில் தொடங்கப்பெற்ற அரசின் டெலி-மானஸ் எண் 14416; கட்டணமில்லை, இரவும் பகலும் அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். இவ்வெண்ணைச் சங்கத்தின் அறிவிப்புப் பலகையில் பெரிய எழுத்தில் எழுதி வைக்குமாறு நம் செயலாளரைக் கேட்டுக்கொண்டுள்ளேன்.