மட்டி கேட்டால் மோரிஸைத் தருகிறார்கள்

சென்னையில் எந்தப் பழக்கடையில் போய் நின்றாலும் வாழை என்றால் அதே மோரிஸ், அதே ஏலக்கி, பூஜைக்கென்று நாலு சீப்பு பூவன். மட்டி இருக்கிறதா என்று கேட்டால் கடைக்காரர் என் முகத்தைப் பார்க்கிறார். பேயன் கேட்டாலோ, "அதெல்லாம் இப்ப யாரும்மா வாங்குறா?" என்கிறார். வாங்கத்தானே பையோடு வந்து நிற்கிறேன்!

எங்கள் நாகர்கோவில் பக்கம் பிள்ளைக்கு முதன்முதலில் ஊட்டுகிற பழம் மட்டிதான். சின்னப் பழம், நுனி கூம்பியிருக்கும், தோல் அவ்வளவு மெல்லிசு. உரித்து விரலால் நசுக்கினாலே மசிந்துவிடும். ஒரு சீப்பு வீட்டில் இருந்தால் வாசல்வரை மணக்கும். 2023-இல் கன்னியாகுமரி மட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது எனக்கு அத்தனை சந்தோஷம், இனியாவது கடைக்கு வரும் என்று. சான்றிதழ் வந்தது, பழம் வரவில்லை.

வாழையில் ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை உண்டு. சிப்ஸுக்கு ஏத்தன், பஜ்ஜிக்கும் பொரியலுக்கும் மொந்தன். இங்கே வாழைக்காய் என்று கொடுப்பது பழுக்காத பழக்காயை. அதை வாணலியில் போட்டுப் பிரட்டினால் கூழாகிறது, சமைத்தவளுக்குத்தான் கெட்ட பெயர். பழனிப் பஞ்சாமிர்தத்துக்கு விருப்பாட்சி மலைவாழையைத் தேடுவதும் சும்மா இல்லை. அதில் நீர்ச்சத்து குறைவு; வேறு பழத்தைப் போட்டால் நீர்த்துப் போகும். விருப்பாட்சிக்கும் சிறுமலை வாழைக்கும் 2008-இலேயே குறியீடு கொடுத்தாகிவிட்டது. முடிக்கொத்து நோயோடு மல்லுக்கட்டிக்கொண்டு மலையில் அவற்றை வளர்க்கிறவர்களுக்கு அதனால் என்ன கிடைத்தது?

வியாபாரிகள் சொல்லும் காரணம் எனக்குத் தெரியாமலில்லை. மோரிஸ் கூட்டத்தைச் சேர்ந்த கிராண்ட் நைன் திசு வளர்ப்புக் கன்று, தோட்டம் முழுக்க ஏறக்குறைய ஒன்றாக வெட்டுக்கு வரும். தார் 25 கிலோ சர்வசாதாரணம், காயெல்லாம் ஒரே அளவு. மட்டித் தார் எடை நிற்காது, பழுத்தால் தாங்காது. ரஸ்தாளியோ சீப்பிலிருந்து உதிர்ந்துவிடும். எல்லாம் சரி. ஆனால் தாரைத் தாராக லாரியில் அம்பாரம் போட்டு ஏற்றிவிட்டு, பழம் தாங்கவில்லை என்று பழத்தின்மேல் பழி போட்டால் எப்படி? வாங்க ஆளில்லை என்று வியாபாரி எடுப்பதில்லை, எடுக்க ஆளில்லை என்று விவசாயி வைப்பதில்லை. இடையில் கேட்டு நிற்கிற எங்களை யாரும் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

ஒரே ரகத்தை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு வெளிநாட்டுச் சரித்திரமே இருக்கிறது. ஒரு காலத்தில் அமெரிக்காவும் ஐரோப்பாவும் தின்றது கிராஸ் மிஷல் என்ற பழத்தை. பனாமா வாடல் நோய் அதன் தோட்டங்களை அழித்தது. 1950, 60-களில் அந்த இடத்துக்கு வந்ததுதான் கேவண்டிஷ். நம் மோரிஸும் ரோபஸ்டாவும் கிராண்ட் நைனும் அந்தக் கூட்டம்தான். இப்போது அந்தக் கேவண்டிஷையே அடிக்கிற புது வாடல் நோய் பீகார் வரை வந்துவிட்டது. இது தெரிந்த பிறகும் கடை நிறைய அதையே தொங்கவிடுகிறார்களே! திருச்சியில் தேசிய வாழை ஆராய்ச்சி மையம் நூற்றுக்கணக்கான ரகங்களைத் தோட்டம் போட்டுக் காப்பாற்றி வைத்திருக்கிறது, கோடி நமஸ்காரம். ஆனால் வாழை தின்பதற்கு. சந்தையில் விலை போனால்தான் விவசாயி கன்று வைப்பார்.

மதுரை மல்லி விமானம் ஏறி சிங்கப்பூரும் துபாயும் போகிறது; மட்டி சென்னை வரை வர முடியாதா? மட்டியைத் தாராக ஏற்ற வேண்டாம். அரைப்பழுப்பில் சீப்பாக அறுத்து, அட்டைப்பெட்டியில் ஒற்றை அடுக்காக வைத்து ராத்திரி ரயிலில் ஏற்றினால் காலையில் எழும்பூர். கூட்டுறவுப் பண்டகசாலைகளில் வாரம் ஒரு நாள், நாள் சொல்லி விற்றுப் பார்க்கட்டும். மோரிஸைவிட இரண்டு மடங்கு விலை வைத்தாலும் வாங்கிக்கொள்கிறோம்.