வார்ப்பில் பிறந்த ஒரு பழைய ரிவால்வர்



பங்கு இல்லத்துப் பெட்டகத்தில் ஒரு ரிவால்வர் இருப்பதைக் கேள்வியுற்ற இளைஞர் சிலர், "ஃபாதர், உங்களுக்கு எதற்கு இது?" என்று வினவினர். கேள்வி நியாயமானது. ஆகவே எல்லோருக்குமாகப் பதில் எழுதுகிறேன்.

நான் பணியாற்றும் இந்த அமெரிக்க நாட்டுப்புறத்தில் வேட்டைத் துப்பாக்கி இல்லாத பண்ணை வீடு அரிது. முதிய விவசாயி ஒருவர் தம் கண்பார்வை மங்கியபோது, தம்மிடமிருந்த ரூகர் செக்யூரிட்டி-சிக்ஸ் ரிவால்வரைச் சட்டப்படி என் பெயருக்கு மாற்றித் தந்தார். 1972-இல் சந்தைக்கு வந்து, 1980-களில் உற்பத்தி நின்றுபோன ஆயுதம் இது. கோல்ட் பைத்தானுக்கு ஆயிரக்கணக்கான டாலர் கொடுக்கும் சேகரிப்பாளர் பலர் இதைத் திரும்பியும் பார்ப்பதில்லை.

காரணம், இதன் சட்டகம் சம்மட்டியால் அடித்து உருவாக்கப்பட்டதன்று, வார்க்கப்பட்டது. வார்ப்பு என்றால் மலிவு என்பது அவர்கள் எண்ணம். ஆனால் அந்த வார்ப்பு எத்தகையது? மெழுகில் உருவம் செய்து, அதன்மேல் ஓடு கட்டி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அவ்விடத்தில் உருகிய எஃகை ஊற்றுவது. சுவாமிமலைச் சிற்பிகள் செப்புத் திருமேனிகளை வார்ப்பதும் இதே தத்துவத்தில்தான். சோழர் காலத்து நடராசரை மலிவுப் பொருள் என்று சொல்லத் துணிபவர் நம்மில் யார்?

இதன் சட்டகத்தில் கழற்றக்கூடிய பக்கத் தகடு கிடையாது. அதனால் .357 மேக்னம் தோட்டாவின் அழுத்தத்தை நன்கு தாங்குகிறது, மென்மையான.38 ஸ்பெஷல் தோட்டாவையும் ஏற்கிறது. பிடியின் திருகைக் கழற்ற ஒரு நாணயம் போதும். சிறப்புக் கருவிகள் இன்றியே பிரித்துத் துடைத்து மீண்டும் பூட்டிவிடலாம். விசையை முழுவதும் இழுத்தாலன்றி, சுத்தியலின் அடி ஊசியைச் சென்று சேராதபடி இடையில் ஒரு சிறு தண்டு அமைந்துள்ளது. எனவே கை தவறிக் கீழே விழுந்தாலும் வெடிக்காமல் காக்கும் ஏற்பாடு இதில் உண்டு. ஆரவாரமற்ற, நேர்மையான வேலைப்பாடு. அதை மதிப்பதில் எனக்குத் தயக்கமில்லை.

ஆயினும் ஒன்றை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். அந்தச் சிறு தண்டு, துப்பாக்கி விழுவதிலிருந்து காக்கும்; மனிதமனம் விழுவதிலிருந்து காக்காது. இந்நாட்டில் துப்பாக்கியால் நிகழும் மரணங்களில் பாதிக்கும் மேற்பட்டவை தற்கொலைகள். அத்தகைய வீடுகளில் நான் செபித்திருக்கிறேன். அங்கே பழுதுபட்டது கருவியன்று. ஒருவரது துயரம் மிகுந்த ஒரு வேளையில், அது எட்டும் தொலைவில் இருந்தது, அவ்வளவுதான்.

ஆகவே, ஓர் ஆயுதத்தை மெய்யாக மதிப்பவர் அதைப் பூட்டி வைப்பவரே என்பது என் கருத்து. தோட்டாக்களை அகற்றிப் பெட்டகத்தில் வையுங்கள். தோட்டாக்களை வேறிடத்தில் பூட்டுங்கள். சாவி இருக்குமிடம் பிள்ளைகளுக்குத் தெரியலாகாது. வீட்டில் மனம் சோர்ந்தவரோ, துணையை இழந்து தனித்திருப்பவரோ, வாய்பேசாது அறைக்குள் ஒடுங்கும் இளையோரோ இருந்தால், சட்டம் அனுமதிக்கும் வழியில் அதனைச் சில காலம் வீட்டைவிட்டே அகற்றுங்கள். 988 என்ற உதவி எண்ணை இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம். என் கதவையும் தட்டலாம்.

ஐம்பது ஆண்டு உழைக்கும் பொருளைச் செய்தவர்கள் தம் கடமையைச் செய்துவிட்டார்கள். நம் கடமை இன்றிரவு அந்தப் பூட்டைச் சரிபார்ப்பது.