பழி மட்டும் அம்மாவுக்கு

பொங்கலன்று இங்கே தமிழ்ச் சங்கப் பந்தியில் ஒரு பெரியவர் சொன்னார்: "பொம்பளைங்க வேலைக்குக் கிளம்பினதுலேர்ந்துதான் வீட்டுக்கு ஒண்ணு, ரெண்டுன்னு ஆயிடுச்சு. இங்கிலாந்துல மில்லு வந்தப்பவே இதே கதைதான்." பந்தியில் சண்டை வேண்டாமென்று சாம்பார் சாதத்தில் கவனமாகிவிட்டேன். இப்போது சொல்கிறேன்.

அவர் சொன்னதில் பாதி சரி. லங்காஷயரில் பிளாக்பர்ன், பர்ன்லி போன்ற தறி ஊர்களில் கல்யாணத்துக்குப் பிறகும் பெண்கள் தறியை விடவில்லை. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே பீஸ் ரேட். 1911-ல் அங்கே மணமான பெண்களில் சுமார் பத்துக்கு நான்கு பேர் வேலையில் இருந்தார்கள். நாடு முழுக்கப் பார்த்தால் பத்தில் ஒருவர்தான். அதே 1911 சென்சஸில் நெசவாளர் வீடுகளில் குழந்தைகள் குறைவு. மனைவிக்குச் சம்பள வேலையே இல்லாத சுரங்கத் தொழிலாளர் வீடுகளில் மிக அதிகம்.

"பார்த்தீங்களா!" என்பார் பெரியவர். கொஞ்சம் பொறுங்க சார். அதே சென்சஸில் டாக்டர், வக்கீல், பாதிரியார் வீடுகளில் குழந்தைகள் இன்னும் குறைவு. அந்த வீட்டம்மாக்கள் எந்த மில்லுக்குப் போனார்கள்? 1880-ல் பள்ளிக்கூடம் கட்டாயம். அரை நாள் மில்லுக்குப் போகும் பிள்ளைக்குக்கூட 1899-ல் குறைந்தபட்ச வயது 12 ஆனது. பிள்ளை வரவுக் கணக்கிலிருந்து செலவுக் கணக்குக்கு மாறிக்கொண்டிருந்தது. இதைப் புரிந்துகொள்ள பி.காம். கூட வேண்டாம். அந்தக் கணக்கைப் போட்டது புருஷன், பொண்டாட்டி இரண்டு பேரும்தான்.

ஆனால் பழி? 1890-களின் கடைசியில் இங்கிலாந்தில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 150-க்கு மேல் ஒரு வயதுக்குள் இறந்தன. அம்மா மில்லுக்குப் போவதால்தான் என்று அதிகாரிகளே எழுதினார்கள். அம்மா வீட்டிலேயே இருந்த சுரங்க ஊர்களிலும் குழந்தைகள் செத்ததை, சாக்கடையை, கெட்டுப்போன பாலை யார் பேசினார்கள்? 1891 சட்டம் பிரசவமான பெண்ணை நாலு வாரம் வேலைக்கு வைக்கக்கூடாது என்றது. அந்த நாலு வாரத்துக்குச் சம்பளம் தரவேண்டும் என்று சொல்லவில்லை! அடுப்பு எப்படி எரியும்?

அளவாகப் பெற்றுக்கொள்ள வழி சொன்னவர்களையும் விடவில்லை. கருத்தடை நூலை வெளியிட்டதற்காக 1877-ல் பிராட்லா, அன்னி பெசன்ட் இருவர் மீதும் வழக்கு. மறுவருஷம் பெசன்டின் மகளைக் கோர்ட் அவரிடமிருந்து பிரித்தது. அந்த நூல் வெளியீடும் அதற்கு ஒரு காரணம். ஆமாம், பின்னால் நம்ம அடையாறுக்கு வந்தாரே, அதே அன்னி பெசன்ட்தான்.

என் மேஜைக்கு வரும் ஹோம் லோன் ஃபைல்களில் மனைவி சம்பளத்தையும் சேர்த்தால்தான் பல பேருக்கு எலிஜிபிலிட்டியே வரும். அங்கே எந்தப் புருஷனும் "இவள் வேலைக்குப் போவதால் குடும்பம் சுருங்குது" என்று சொன்னதில்லை. ஊரை விட்டு வந்த நமக்கு குழந்தையைப் பார்த்துக்கொள்ள பாட்டியும் இல்லை, அத்தையும் இல்லை. ராத்திரி அழும் குழந்தைக்கு எத்தனை நாள் நாம் எழுந்திருக்கிறோம்?

அடுத்த பந்தியில் பெரியவரிடம் இதைத்தான் முதலில் கேட்கப் போகிறேன். நீங்களும் உங்கள் வீட்டில் கேட்டுப் பாருங்கள்.