தெருவைப் பார்த்த தோசைக்கல்

மும்பையின் காட்கோபர் மேற்கில் ஆர் சிட்டி மாலுக்குள் 2013இல் கிட்ஸானியா திறந்தார்கள். குழந்தைகள் சீருடை மாட்டிக்கொண்டு விமானியாகவும் தீயணைப்பு வீரராகவும் வேலை செய்து பார்க்கிற குட்டி நகரம். மெக்ஸிகோவில் 1999இல் பிறந்த யோசனை. பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்தான்.

தண்டவாளத்தைத் தாண்டிக் கிழக்கே வந்தால் வல்லப் பாக் லேன். பொழுது சாய்ந்தால் காவ் கல்லி என்கிற தீனித் தெரு களைகட்டிவிடும். நிஜமாகவே வேலை செய்கிறவர்களைப் பார்க்க இங்கே நுழைவுச்சீட்டு கிடையாது. தோசைக்கல் தெருவைப் பார்த்தே இருக்கிறது. ஒரு ஜினி தோசை சொல்லிவிட்டு நின்று பாருங்கள். மாவை இழுத்த கையோடு வெண்ணெய் விழும். பொடியாக நறுக்கிய கோஸ், குடைமிளகாய், வெங்காயம், தக்காளி, சிவப்புச் சட்னி, மசாலா எல்லாம் தோசையின் மேலேயே வேகும். மசித்து ஓரம்வரை பரப்பி, அடி முறுகியதும் கரண்டியாலேயே நீளவாக்கில் வகுந்து, சுருட்டி, தட்டில் நிற்கவைத்து, மேலே சீஸைத் துருவிக் கொட்டுவார் மாஸ்டர். மயிலாப்பூர்க்காரர்கள் இதைத் தோசை என்றே ஒப்புக்கொள்ள மாட்டார்கள். எனக்கும் சாம்பாரோடு வரும் சாதா தோசைதான் உயிர். ஆனாலும் அந்த இடத்தைவிட்டு நகர மனம் வராது.

வேடிக்கையோடு முடிகிற விஷயமும் இல்லை இது. காட்கோபரில் குஜராத்தி ஜைனக் குடும்பங்கள் நிறைய. வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு ஆகாது. ‘ஜெயின் மே பனாவோ, பையா’ (ஜைன முறையில் போடுங்கள், அண்ணே) என்று சொல்லிவிட்டு, கல்லில் என்னென்ன விழுகிறது என்று கண்ணாலேயே பார்த்துக்கொள்கிறார்கள். மூடிய சமையலறை என்றால் சர்வர் சொல்வதை நம்புவதைத் தவிர வழியில்லை.

உள்ளே சமைத்தாலும் மூடி வைக்காத கடை உண்டு. மாட்டுங்கா ஸ்டேஷனை ஒட்டி ராமா நாயக் 1942இல் தொடங்கிய உடுப்பி ஸ்ரீகிருஷ்ணா போர்டிங்கில் கூட்டமும் காத்திருப்பும் வாழையிலைச் சாப்பாடும் ஊரறிந்தவை. அங்கே சாப்பிட வருகிறவர்கள் சமையலறைக்குள்ளேயே போய்ப் பார்க்கலாம். எனக்கு அந்தக் கடைமேல் மரியாதை கூடியது இதனால்தான்.

இப்போது திறக்கிற கடைகளில் சுவருக்கு மாட்டுவண்டிச் சக்கரம், கூரைக்குப் பொய்க் கீற்று என்று லட்சங்கள் போகின்றன. சமைப்பவர் மட்டும் பின்கட்டில், யார் கண்ணிலும் படாமல். கடை போடப்போகும் நம் பிள்ளைகள் யோசனை கேட்டால், அடுப்பை வாசலுக்குக் கொண்டுவரச் சொல்கிறேன். புகைபோக்கிக்குச் செலவு கூடும். நாளெல்லாம் வெக்கையில், அத்தனை பேர் பார்வையில் நிற்கிற மாஸ்டருக்குச் சம்பளமும் கூட வேண்டும், ஒரு நல்ல மின்விசிறியும் வேண்டும். அலங்காரத்துக்கு ஒதுக்கிய பணத்தில் முதலில் இவற்றுக்கு எடுத்து வையுங்கள்.