தொடக்கப்பள்ளி ஆசிரியர்களின் வாழ்வைப் பதிவு செய்யச் சோழபுரம் வட்டார மக்களுக்கு ஒரு வேண்டுகோள்

ஓய்வுபெற ஐந்தாண்டுக்கு மேல் பணிக்காலம் எஞ்சியுள்ள ஆசிரியர்கள் இரண்டு ஆண்டுகளுக்குள் தகுதித் தேர்வில் தேற வேண்டும், தவறினால் பணியைவிட்டு விலக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 1 அன்று தீர்ப்பளித்தது. நான்கு நாள் கழித்து ஆசிரியர் தினம் வழக்கம்போல் மாலை மரியாதையோடு கொண்டாடப்பட்டது. தகுதித் தேர்வு என்பது 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தைத் தொடர்ந்து, எட்டாம் வகுப்பு வரை கற்பிப்போருக்குரிய குறைந்தபட்சத் தகுதிகளுள் ஒன்றாக 2010 ஆகஸ்ட் 23இல் அறிவிக்கப்பட்டது. முதல் ஐந்து வகுப்புகளுக்குரிய தாளில் 150 வினாக்கள் உண்டு. சட்டத்தின் சரி தவற்றை ஆராய்வது சோழபுரத்துப் பள்ளிகளில் படித்த முன்னாள் மாணவர்கள் அடங்கிய இக்குழுவின் நோக்கம் அன்று. முப்பது ஆண்டு உழைப்பை எடைபோட 150 வினாக்களைத் தவிர வேறு கருவி எவரிடமும் இல்லாமற் போனதற்கு, அவ்வுழைப்பைக் கண்ணால் கண்ட ஊர்களும் பொறுப்பாளிகள் என்பதே இவ்வேண்டுகோளின் அடிப்படை.

சோழபுரத்தைச் சூழ்ந்த இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரங்களில் இன்று எழுபதைக் கடந்தவர்களுள் பலரின் பிறந்த நாளை எழுதியவர் பெற்றவர் அல்லர். ஒன்றாம் வகுப்பு ஆசிரியரே. வலக்கையைத் தலைக்கு மேலாக வளைத்து இடக்காதைத் தொடச் சொல்லி, விரல் எட்டினால் பிள்ளைக்கு ஐந்து வயது நிறைந்துவிட்டது என்று கொண்டு, ஜூன் மாதச் சேர்க்கைக்குப் பொருந்துமாறு ஒரு தேதியைச் சேர்க்கைப் பதிவேட்டில் அவர் எழுதினார். சேர்க்கைப் பதிவேடு என்பது மாணவரின் பெயர், தந்தை பெயர், பிறந்த தேதி ஆகியவற்றைக் கொண்ட பள்ளியின் மூல ஆவணம். அத்தேதியே மாற்றுச் சான்றிதழுக்கும், நூற்பாலை வேலைக்கும், வாக்காளர் அட்டைக்கும், ஆதாருக்கும், முதியோர் உதவித்தொகைக்கும் வழிவழியாக வந்து சேர்ந்தது. ஓர் ஊருக்கே பிறந்த நாள் வகுத்துக் கொடுத்த அவர் எந்த ஊரில் பிறந்தார், எந்த ஆண்டில் மறைந்தார் என்று கேட்டால் விடை சொல்ல ஆளில்லை. காட்டு வேலைக்குப் போன பிள்ளையை வரப்புவரை தேடிச் சென்று அழைத்து வந்ததும், சிலேட்டு வாங்க வழியற்ற வீட்டுக்குத் தம் சம்பளத்திலிருந்து வாங்கிக் கொடுத்ததும் திண்ணைப் பேச்சாகவே தேய்கின்றன. கோயிலுக்குக் குழல்விளக்கு வாங்கிக் கொடுத்தவர் பெயரை அவ்விளக்கின் மீதே எழுதிவைக்கும் ஊர் இது என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

இம்மறதி பழையது. சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822 முதல் நடத்திய கணக்கெடுப்பில் 12,498 பள்ளிகள் எண்ணப்பட்டன; ஆசிரியருக்குப் பொதுவாக மாதம் ஆறேழு ரூபாய்க்கு மேல் கிடைப்பதில்லை என்று 1826இல் அவரே குறிப்பெழுதினார்; ஆயினும் அக்கணக்கெடுப்பின் தொகுப்பு அட்டவணையில் ஆசிரியர் பெயருக்கு இடமில்லை. சோழபுரம் அடங்கிய இதே மாவட்டத்தின் விருதுநகரில், காமராசருக்கு முதலெழுத்துக் கற்பித்தவராக வரலாற்று நூல்கள் குறிப்பிடும் வேலாயுதம் என்பார், வீட்டுத் திண்ணையிலேயே பிள்ளைகளைக் கூட்டி எண்ணும் எழுத்தும் சொல்லிக்கொடுக்கும் திண்ணைப்பள்ளியை நடத்தியவர். ஊரார் அவரை ‘நொண்டி வாத்தியார்’ என்றே வழங்கினர். 1954 முதல் 1963 வரை முதலமைச்சராக இருந்து, பட்டிதொட்டியெங்கும் பள்ளி திறந்து, மதிய உணவும் இட்ட ஒருவரின் ஆசானுக்கு, ஓரிரு வரியும் ஓர் உடற்குறையின் பெயருமே மிச்சம். மாணவர் பெயர் பெற்றிராவிடில் அதுவும் மிஞ்சியிராது. கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை கோட்டாற்றுத் தொடக்கப்பள்ளியில் பணியைத் தொடங்கியவர் எனினும், நினைக்கப்படுவது கவிஞராகவே. ஆசிரியர் தினத்துக்குரிய இராதாகிருஷ்ணனும் பல்கலைக்கழகப் பேராசிரியரே. அரிச்சுவடி கற்பித்தவருக்கென்று நாட்காட்டியில் ஒரு நாள்கூட இல்லை.

இவ்வாறு மறக்கப்பட்டோர் எத்தனை பேர் என்று கணக்கிட ஓர் எண் உண்டு. தமிழ்நாட்டில் பள்ளிக் காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்டில் விரிவாக்கப்பட்டபோது அரசு அறிவித்த தொடக்கப்பள்ளிகளின் எண்ணிக்கை 31,008. பள்ளிக்கு நால்வர் என்று மிகக் குறைத்துக் கணக்கிட்டாலும், ஓய்வுபெற்றோரும் மறைந்தோருமாக 1,24,032 வாழ்க்கைகள் பதிவின்றிக் கிடக்கின்றன. இவற்றுள் சோழபுரத்தின் பங்கு விரல்விட்டு எண்ணத்தக்கது. ஆகவே செய்ய முடியாது என்ற சாக்குக்கு இடமில்லை.

எனவே, சோழபுரத்திலும் சுற்றியுள்ள ஊர்களிலும் படித்தோர், தத்தம் தொடக்கப்பள்ளி ஆசிரியரின் பெயர், சொந்த ஊர், பணியாற்றிய ஆண்டுகள், நேரில் கண்ட செயல்கள் ஆகியவற்றைக் கையெழுத்திட்டு எழுதித் தர வேண்டும். பள்ளி மேலாண்மைக் குழுவில் உள்ள பெற்றோர், கரையான் அரிக்கும் பழைய வருகைப் பதிவேடுகளைத் தலைமையாசிரியரின் இசைவுடன் படமெடுத்து வைக்க வேண்டும். ஊர் வாக்காளர் அனைவரும் கூடி முடிவெடுக்கும் கிராம சபையில், ஆண்டுக்கு ஆறு முறை தெருவிளக்கையும் வாய்க்காலையும் பேசும் இடத்தில், ஆசிரியர் பெயர்ப்பலகைக்கும் ஒரு தீர்மானம் கொண்டுவர வேண்டும். தொகுப்பின் ஒரு படியை, 1875இல் தொடங்கி ஒன்றரை நூற்றாண்டு கண்ட ஸ்ரீவில்லிபுத்தூர் பென்னிங்டன் நூலகத்தில் வைக்குமாறு கோரலாம். பொன்னாடையும் வெள்ளித்தட்டும் வேண்டா. விழா நடத்திவிட்டுக் கலைந்துபோகும் வழக்கத்தால்தான் இந்நிலை வந்தது.

இப்பதிவுகள் இருந்திருந்தால் தீர்ப்பு மாறியிருக்கும் என்று இக்குழு கருதவில்லை. ஆனால் தீர்ப்பு விதித்த கெடு 2027 செப்டம்பரில் முடிகிறது. அதற்குள் எழுத மனமில்லாத ஊர், தன் பிள்ளைகளை ஆளாக்கிய ஆசிரியர் ஒருவர் வெளியேற்றப்படும் நாளில் பள்ளி வாயிலில் திரண்டு முழக்கமிடுமானால், அவர் என்ன செய்தார் என்று கேட்கும் அதிகாரியிடம் நீட்ட ஒரு தாளும் அதன் கையில் இராது என்பதை இக்குழு இப்போதே எச்சரித்து வைக்கிறது.