கேம் ஷோ பரிசு நியாயமா? போனஸ் ரவுண்டு முதல் 30% வரி வரை... என்னதான் நடக்கிறது?

சோரியாங்குப்பத்தில் சித்தி வீட்டுக்குப் போனால் ஞாயிறு மதியம் டி.வி. ரிமோட் நம் கைக்கு வராது. போன முறை ஓடிக்கொண்டிருந்தது ஒரு கேம் ஷோ. நாலு ரவுண்டிலும் முன்னணியில் இருந்த ஜோடி, கடைசி போனஸ் ரவுண்டில் ஒரே ஒரு தப்பான பதிலால் தோற்றுப்போனது. சித்தி கடுப்பாகிவிட்டார்: "அப்போ இவ்ளோ நேரம் வெளையாண்டது எதுக்குடா?"

விதிமுறைப்படி பார்த்தால் தப்பு இல்லை. எல்லோருக்கும் முன்கூட்டியே சொன்ன ரூல்ஸ்தான். ஆனால் முதல் நாலு ரவுண்டுக்குத் தலா 10 புள்ளி, கடைசிக்கு மட்டும் 50 என்றால், முதல் முக்கால் மணி நேரம் வெறும் டிரெய்லர்தானே? சேனல் பக்கத்துக் கணக்கு வேறு. யார் ஜெயிப்பார் என்பது பாதியிலேயே தெரிந்துவிட்டால், கடைசி விளம்பர இடைவேளை வரை யார் உட்கார்ந்திருப்பார்கள்?

சன் டி.வி.யில் வந்த 'டீலா நோ டீலா' ஞாபகம் இருக்கா? அதில் அறிவுக்கே வேலை இல்லை, பெட்டிதான். இந்த ஃபார்மட்டின் வெளிநாட்டு நிகழ்ச்சிகளை வைத்து, பின்னாளில் நோபல் வாங்கிய ரிச்சர்ட் தேலர் உள்ளிட்டோர் 2008-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஆரம்ப ரவுண்டுகளில் 'பேங்கர்' தரும் ஆஃபர், மீதிப் பெட்டிகளின் சராசரியைவிட ரொம்பக் குறைவு. போகப் போகத்தான் சராசரியை நெருங்கும். பெரிய தொகைப் பெட்டியை இழந்தவர்களோ, விட்டதைப் பிடிக்கிற வேகத்தில் நல்ல ஆஃபரைக்கூட மறுத்தார்கள்.

சரி, மேடையில் இருப்பவராவது காசு கட்டி விளையாடுவதில்லை. வீட்டில் இருக்கும் நாம்?

ரூ.2.40 எஸ்.எம்.எஸ். வழக்கு

2007 ஜனவரி முதல் ஏப்ரல் வரை ஸ்டார் பிளஸ்ஸில் ஒளிபரப்பான 'கோன் பனேகா குரோர்பதி'யில், நேயர்களுக்காக 'ஹர் சீட் ஹாட் சீட்' என்று ஒரு போட்டி இருந்தது. திரையில் வரும் கேள்விக்கு எஸ்.எம்.எஸ்.ஸில் பதில் அனுப்ப வேண்டும். சரியாகச் சொன்னவர்களில் ஒருவருக்குக் குலுக்கலில் ரூ.2 லட்சம். நுழைவுக் கட்டணம் கிடையாது. ஆனால், ஏர்டெல் எண்ணிலிருந்து அனுப்பும் ஒரு எஸ்.எம்.எஸ்.ஸுக்கு ரூ.2.40. வழக்கமான கட்டணத்தைவிட அதிகம்.

ஒரு நுகர்வோர் அமைப்பு தேசிய நுகர்வோர் ஆணையத்துக்குப் போனது. வழக்கில் வைக்கப்பட்ட கணக்கு இது: சுமார் 5.8 கோடி எஸ்.எம்.எஸ்., வசூல் ரூ.13.92 கோடி, 52 எபிசோடுகளுக்குக் கொடுத்த பரிசு ரூ.1.04 கோடி. நாமே வகுத்துப் பார்க்கலாம். அனுப்பிய ஒவ்வொரு ரூ.2.40-க்கும் பரிசாகத் திரும்பியது சராசரியாக 18 பைசா!

'இலவசப் பரிசு' என்று காட்டிவிட்டு, அந்தச் செலவை மக்களிடமே வசூலித்தது முறையற்ற வணிகம் என்று 2008-ல் ஆணையம் தீர்ப்பளித்தது. ஸ்டார் இந்தியாவுக்கும் ஏர்டெல்லுக்கும் ரூ.1 கோடி தண்டனை இழப்பீடு. ஆனால், 2019-ல் உச்ச நீதிமன்றம் இதை ரத்து செய்தது. பரிசுப் பணம் எஸ்.எம்.எஸ். வருமானத்திலிருந்துதான் கொடுக்கப்பட்டது என்பதற்கு ஆதாரம் இல்லை என்பதே காரணம். கவனிக்கவும், அந்தக் கட்டணம் நியாயமானது என்று கோர்ட் சர்டிஃபிகேட் கொடுக்கவில்லை. நிரூபிக்கப்படவில்லை என்றுதான் சொன்னது. சேனலுக்கும் டெலிகாம் நிறுவனத்துக்கும் இடையிலான ஒப்பந்தம், பங்குக் கணக்கு எல்லாம் அவர்கள் கையில் இருக்கும்போது, வெளியே இருப்பவர் இதை எப்படி நிரூபிப்பது? எனக்கு இன்றும் புரியாத இடம் இதுதான்.

ஜெயித்தால் கைக்கு எவ்வளவு?

கேம் ஷோ பரிசுக்கு 30% வரி, அதன்மேல் 4% செஸ். வேறு வருமானமே இல்லாதவராக இருந்தாலும் அடிப்படை விலக்கு வரம்பு பொருந்தாது. ரூ.2 லட்சம் ஜெயித்தால் ரூ.62,400 போய்விடும். அதுவே ரூ.1 கோடி என்றால் 10% சர்சார்ஜும் சேர்ந்து ரூ.34.32 லட்சம் வரி, கையில் ரூ.65.68 லட்சம். கார் ஜெயித்தால் இன்னும் சிக்கல். அதன் மதிப்புக்கான வரியைக் கட்டிய பிறகுதான் சாவியே கைக்கு வரும்.

இப்போதுள்ள 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலும், இலவசம் போலக் காட்டிவிட்டு வேறு வழியில் காசு வாங்குவது முறையற்ற வணிகம்தான். பரிசுத் திட்டத்தின் இறுதி முடிவைப் பங்கேற்றவர்களிடம் சொல்லாமல் மறைப்பதும் அதே கணக்கில் வரும். ஆக, நீங்கள் பதில் அனுப்பிய போட்டியில் யார் ஜெயித்தார்கள் என்றே தெரியவில்லையா? 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். அனுப்பிய மெசேஜின் ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் டெலீட் பண்ணிடாதீங்க.